யார் மக்கள்? இலங்கை அரசியலமைப்பு வரலாற்றில் ஜனநாயகமும் எதேச்சாதிகாரமும்

ஜனநாயகமும் எதேச்சாதிகாரமும் ஒன்றையொன்று முற்றாக விலக்கும் இரு ஆட்சிமுறைகள் என்றும், ஒரு நாடு இவற்றுள் ஏதேனும் ஒன்றன் எல்லைக்குள்தான் நிற்க முடியும் என்றும் கொள்வது அரசியல் நூல்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் பாகுபாடு. குடிமக்கள் தம்மை ஆள்வோரை வாக்கினால் தெரிவுசெய்து, குறித்த காலம் முடிந்ததும் அதே வாக்கினால் அவர்களை அகற்றக்கூடிய ஏற்பாடு ஜனநாயகம் எனப்படும். ஒருவரோ ஒரு சிறு குழுவினரோ சட்டத்துக்கும் சபைக்கும் மறுமொழி கூறக் கடமைப்படாமல் தம் விருப்பின்படி ஆளும் ஏற்பாடு எதேச்சாதிகாரம் எனப்படும். இவ்வரைவிலக்கணங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இலங்கையின் வரலாற்றை அணுகும் ஆய்வாளர் விரைவிலேயே இடர்ப்படுவார். 1931 ஆம் ஆண்டிலேயே ஆணும் பெண்ணும் சமமாக வாக்களித்த நாடு இது. 1956, 1965, 1970, 1977 ஆகிய ஆண்டுகளில் ஆளுங்கட்சிகள் தேர்தலில் தோற்று, ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காமல் ஆட்சியை எதிர்க்கட்சியிடம் ஒப்படைத்த நாடு இது. ஆயினும், இலட்சக்கணக்கான உழைப்பாளிகளின் வாக்குரிமை பறிக்கப்பட்டதும், பாராளுமன்றம் பொதுத்தேர்தல் இன்றித் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்டதும், நாட்டின் உயிர்நாடியான முடிவுகள் ஒரு மனிதரின் மேசையில் எடுக்கப்பட்டதும் இதே நாட்டில்தான், அதுவும் பெரும்பாலும் சட்டமுறை வழுவாமல்தான்.

ஆகவே இவ்விரு ஆட்சிமுறைகளுக்கும் இடையிலான இழுபறியை இரு நாடுகளுக்கு இடையிலோ இரு காலங்களுக்கு இடையிலோ தேடுவதைவிட, ஒரே அரசியலமைப்பின் உள்ளே தேடுவதே பொருத்தமாகும். மக்களே ஆள வேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்றுக்கொண்ட எல்லா அரசும், அந்த மக்கள் யார் என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லியாக வேண்டும். அந்த விடையைச் சொல்லும் அதிகாரம் அன்றாடம் ஆள்பவர்களின் கையிலேயே விடப்படுமானால், தேர்தல்கள் எத்தனை ஒழுங்காக நடந்தாலும், எதேச்சாதிகாரம் உள்ளே வருவதற்கான வாயில் திறந்தே இருக்கும் என்பதும், இலங்கையில் அவ்வாயில் 1978 இல் அன்றி 1948 இலேயே திறக்கப்பட்டது என்பதும் இவ்வுரையின் வாதம்.

தேர்தலும் சபையும் பழைய காலத்துக்குப் புதியவை அல்ல. பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தெரியும் விதிகளை நுணுக்கமாகக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவரின் உறவினரும் மீண்டும் பெயர் எழுதப்படத் தகாதவர் என்ற விதி இன்றைய தேர்தல் சட்டங்கள் பலவற்றையும்விடக் கண்டிப்பானது. அக்கல்வெட்டைப் பெருமையோடு மேற்கோள் காட்டுவோர், அது நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோரின் சபை என்பதையும், வயலில் உழைத்தவர் எவரின் பெயரும் அக்குடத்தில் விழவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெண்களையும் அடிமைகளையும் அயலூரவரையும் சபைக்கு வெளியே நிறுத்திய ஏதென்ஸ் நகரின் நிலையும் இதுவே. மக்களாட்சி கட்டற்றுப் போனால் அதன் வயிற்றிலிருந்தே கொடுங்கோலன் பிறப்பான் என்று பிளேட்டோ எழுதினார். ஜனநாயகத்தில் தனிமனிதனை நசுக்கக்கூடியது மன்னனின் வாள் அன்று, பெரும்பான்மையின் விருப்பமே என்று 1835 இல் டோக்வில் எழுதினார். இருவரும் மக்கள் என்ற தொகுதி ஏற்கனவே வரையறுக்கப்பட்டுவிட்டது என்று கொண்டே பேசினர். அத்தொகுதியையே ஆட்சியாளர் மாற்றி அமைப்பார் என்பதை அவர்கள் போதிய அளவு கருதவில்லை.

தமிழ் மரபு இப்பொருளைப் பிறிதொரு பக்கத்திலிருந்து நோக்கியது. திருக்குறள் செங்கோன்மை, கொடுங்கோன்மை என இரு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்ததோடு நில்லாமல், பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்தில், தவறு கண்டவிடத்து அஞ்சாமல் கடிந்துரைப்போரைத் தன்னருகே வைத்துக்கொள்ளாத அரசன் பகைவரின்றியே கெடுவான் என்ற கருத்தையும் நிறுவுகிறது. பௌத்த மரபில் அக்கஞ்ஞ சுத்தம் என்ற சூத்திரம், மக்கள் தம்முள் ஒருவரைத் தேர்ந்து, விளைவில் ஒரு பங்கு கொடுத்து, ஒழுங்கைக் காக்கும்படி அமர்த்திய மகாசம்மதனின் வரலாற்றைக் கூறுகிறது. அரசின் தோற்றத்தை உடன்படிக்கையாகக் காணும் சிந்தனை ஹொப்ஸுக்கும் லொக்குக்கும் பல நூற்றாண்டு முன்னரே இத்தீவின் விகாரைகளில் ஓதப்பட்டுவந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

கண்டி இராச்சியத்தின் முடிவை இவ்வொளியில் பார்க்கலாம். 1815 பெப்ரவரியில் மெதமகாநுவரவில் பிடிபட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை அகற்றும் உடன்படிக்கை, அதே ஆண்டு மார்ச் 2 ஆம் திகதி கண்டி மகுல் மடுவ மண்டபத்தில் தேசாதிபதி ரொபர்ட் பிரவுண்றிக்குக்கும் மலைநாட்டுத் தலைவர்களுக்கும் இடையே ஏற்பட்டது. அரசனின் கொடுமைகள் அவனது ஆட்சியுரிமையைப் பறித்துவிட்டன என்று அவ்வுடன்படிக்கை கூறியது. கொடுங்கோலனைக் குடிகள் கைவிடலாம் என்ற கொள்கைக்கு இத்தீவில் எழுத்தில் கிடைக்கும் தெளிவான சான்றுகளுள் இது ஒன்று. ஆனால் அக்கொள்கையோடு வேறொன்றும் பிணைக்கப்பட்டது. அரசனும் அவன் குலத்தாரும் மலபார் இனத்தவர், அதனால் அவர்களுக்கு இனி இம்மண்ணில் இடமில்லை என்ற விலக்கும் அதே தாளில் எழுதப்பட்டது. கொடுமை என்ற குற்றமும் அந்நியன் என்ற அடையாளமும் ஒரே வாசகத்தில் கலந்தன. குடிகளின் பெயரால் பேசியவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க தலைவர்கள். அரசன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான். அவனிடமிருந்து எடுக்கப்பட்ட அதிகாரம் குடிகளிடம் வரவில்லை, தேசாதிபதியிடம் போயிற்று. ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின் 1818 நவம்பர் 21 இல் வெளியான பிரகடனம், ஒப்பமிட்ட தலைவர்களின் அதிகாரங்களையே குறுக்கிற்று. ஓர் எதேச்சாதிகாரத்தை அகற்றுவோர் அதன் இடத்தில் எதை வைக்கிறார்கள் என்பதை எண்ணாவிட்டால் நேர்வது என்ன என்பதற்கு மகுல் மடுவ முதற்பாடம். 2022 வரை அப்பாடம் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று.

டொனமூர் ஆணைக்குழு வழங்கிய 1931 ஆம் ஆண்டின் சர்வஜன வாக்குரிமை உண்மையிலேயே பெரும் பாய்ச்சல். அதுவரை மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் வாக்காளராய் இருந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் உள்ளிட்ட பல தலைவர்கள் அதை எதிர்த்தனர். சட்டசபையில் 19 பேர் ஆதரிக்க 17 பேர் எதிர்க்கத்தான் டொனமூர்த் திட்டம் ஏற்கப்பட்டது. அத்திட்டத்தின் அரசாங்க சபையில் உறுப்பினர் அனைவரும் ஏழு நிருவாகக் குழுக்களுள் ஒன்றில் அமர்ந்து ஆட்சியில் பங்குகொண்டனர். ஒரு கட்சித் தலைவரிடம் அதிகாரம் குவியாதபடி அமைந்த அம்முறை இன்னும் கவனமான ஆய்வுக்குரியது. எனினும் 1936 இல் குழுக்களின் தெரிவை முன்கூட்டியே திட்டமிட்டுச் சிங்களவர் மட்டுமே கொண்ட அமைச்சர் அவை அமைக்கப்பட்டபோது, நல்ல ஏற்பாட்டையும் எண்ணிக்கையின் கணக்கு விழுங்கிவிடும் என்பது தெரிந்தது. வாக்குரிமையும் நிறைவானதாய் இருக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் அனைவரும் வாக்காளராவதை அஞ்சிய தலைவர்களின் வற்புறுத்தலால், நிரந்தர வாசம் என்ற நிபந்தனை அதில் சேர்க்கப்பட்டது. மக்கள் யார் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

இந்த வரலாற்றைப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்வதற்குத் தனிப்பொருத்தம் உண்டு. சோல்பரி அரசியலமைப்புக்கு அடிப்படையான 1944 ஆம் ஆண்டின் அமைச்சர் வரைவை டி. எஸ். சேனாநாயக்காவின் ஆலோசகராக இருந்து எழுத உதவியவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். 1952 இல் பல்கலைக்கழகத்தைக் கொழும்பிலிருந்து மகாவலிக் கரைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. எழுதாத மரபுகளாலும் கனவான்களின் நடத்தையாலும் இயங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் முறையில் அவருக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது. அடிப்படை உரிமைகளின் பட்டியல் அவ்வரசியலமைப்பில் இடம்பெறவில்லை. சிறுபான்மையோருக்குக் காப்பாக இருந்தது 29 ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு ஒன்றே. ஏனைய சமூகத்தவர் மீது சுமத்தப்படாத இயலாமை எதையும் ஒரு சமூகத்தவர் மீது மட்டும் சுமத்தும் சட்டம் செல்லாது என்பது அதன் சாரம்.

அந்தக் காப்பு முதல் சோதனையிலேயே உடைந்தது. 1946 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் எனக் குறிக்கப்பட்டோர் ஏறத்தாழ 7,80,000 பேர், அதாவது மொத்த மக்கள்தொகையில் 11.7 சதவீதம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது, நுவரெலியாவில் எஸ். தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் அவ்வெழுவருள் அடங்குவர். தோட்டத்து வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரிக் கட்சிகளுக்கு வலுச்சேர்த்தன. மறு ஆண்டே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்த ஒருவர் வமிசவழிப் பிரஜை ஆவதற்குத் தன் தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவ வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பல்கலைக்கழக வளாகத்துக்கு மேலே தெரியும் ஹந்தானைத் தோட்டங்களிலோ, வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய கலஹாவிலோ லயன் அறையில் பிறந்த தொழிலாளிக்கு இதன் பொருள் என்ன என்பதை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தை பிறந்தபோது பிறப்பைப் பதிவது தோட்டங்களில் அரிது. பதிந்திருந்தாலும் துரை எழுதிய பெயர் ஒன்று, குடும்பம் வழங்கிய பெயர் வேறு, கங்காணியின் செக்றோல் பதிவில் இருந்த பெயர் இன்னொன்று. கிராமத்துச் சிங்கள விவசாயியிடமும் இத்தகைய ஆவணம் பெரும்பாலும் இருந்ததில்லை. ஆனால் அவரிடம் எவரும் அதைக் கேட்கவில்லை. சட்டத்தின் வாசகம் எவரையும் பெயர் குறித்து விலக்கவில்லை. சுமை மட்டும் ஒரு சமூகத்தின் தோளில் விழுந்தது.

1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், மணமானவருக்கு ஏழு ஆண்டும் மணமாகாதவருக்குப் பத்து ஆண்டும் தொடர்ச்சியான வதிவைக் கேட்டது; அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜை அல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. பெயர் நீக்கப்பட்டதை எதிர்த்த கொடகன் பிள்ளை என்பவரின் வழக்கு, ருவான்வெல்லத் தொகுதியின் இடாப்பிலிருந்து கிளம்பி இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. தன் பிரஜைகள் யார் என்பதைத் தீர்மானிப்பது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம் என்றும், 29 ஆம் பிரிவு மீறப்படவில்லை என்றும் 1953 இல் அக்கழகம் தீர்ப்பளித்தது. சட்டநூலாரின் கண்ணுக்கு அத்தீர்ப்பு ஒழுங்கானதாகத் தோன்றலாம். அரசியல் சிந்தனையின் கண்ணுக்கோ அது ஒரு பெருங்குழியை மூடாமல் விட்ட தீர்ப்பு: வாக்காளர் சட்டமன்றத்தைத் தெரிகிறார்கள் என்றால், தன்னைத் தெரியும் வாக்காளரைச் சட்டமன்றமே தெரிந்துகொள்வது எவ்வாறு ஜனநாயகமாகும்? இதே கழகம் 1962 ஆம் ஆண்டின் ஆட்சிக்கவிழ்ப்புச் சதிமுயற்சி வழக்கில், நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறித்த விசேட சட்டத்தைச் செல்லாதென 1965 இல் தள்ளி, குற்றவாளிகளாகக் காணப்பட்ட அதிகாரிகளை விடுவித்தது. நீதிபதிகளுக்குக் கிடைத்த காப்பு கொழுந்து பறித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி தொகுதி நிர்ணயம். 75,000 பேருக்கு ஓர் ஆசனமும் 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனமும் என்ற கணக்கில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஆசனங்கள் வகுக்கப்பட்டன. அக்கணக்கில் வாக்காளர் அன்றி ஆட்களே எண்ணப்பட்டனர். ஆகவே வாக்கிழந்த தொழிலாளர் ஆசனத்தைத் தோற்றுவிக்க எண்ணப்பட்டனர்; அந்த ஆசனத்தில் அமர்பவரைத் தெரிய எண்ணப்படவில்லை. அவர்கள் இழந்த வாக்கின் எடை அயற்கிராமத்து வாக்காளரின் வாக்கோடு சேர்ந்தது. மலைநாட்டுத் தொகுதிகளின் பெரும்பான்மைப் பலம் இவ்வாறு இயற்கைக்கு மேலாக வீங்கியதும், தோட்டங்களுக்கு வாக்குக் கேட்டுச் செல்ல வேண்டிய தேவை எந்தக் கட்சிக்கும் இல்லாமற் போனதும், 1956 க்குப் பின் இனவாதத்தை விலையாக வைத்து நடந்த தேர்தல் போட்டிக்கு அடித்தளமாயின. தோட்டத் தொழிலாளராகிய மலையகத் தமிழர் தம் வாக்கால் ஒருவரை மீண்டும் பாராளுமன்றத்துக்கு அனுப்ப 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் என, அவர்களுள் ஒருவரையும் கேட்காமல் மக்களைப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

பிரஜாவுரிமைச் சட்டங்களின் இந்த ஆபத்தை அன்றே கண்டவர்கள் இருந்தனர். இடதுசாரிகள் பாராளுமன்றத்தில் எதிர்த்தனர், எஸ். ஜே. வி. செல்வநாயகம் இப்பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சோல்பரிப் பிரபுவே 1963 இல், பி. எச். ஃபார்மரின் நூலொன்றுக்கு எழுதிய முன்னுரையில், அடிப்படை உரிமைகளுக்கு உத்தரவாதம் அளிக்கும்படி தம் ஆணைக்குழு பரிந்துரைக்காமற் போனது வருந்தத்தக்கது என்று ஒப்புக்கொண்டார். காலம் கடந்த ஒப்புதல்தான்; ஆயினும் ஆணைக்குழுத் தலைவர்களிடம் அரிதாகக் காணப்படும் நேர்மை அது.

1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு 29 ஆம் பிரிவைக் கைவிட்டது. நிறைவேற்றப்பட்ட சட்டத்தை நீதிமன்றம் கேள்விக்குட்படுத்த முடியாதென ஆக்கியது. 1970 இல் தெரிவான சபைக்கு 1977 வரை ஆயுள் கொடுத்தது. தேர்தலைத் தள்ளிப்போடும் வழக்கத்தைத் தொடங்கியவர்கள், பின்னர் நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்த ஜே. ஆர். ஜயவர்தனவின் எதிரிகளே என்பதையும் நடுநிலை நின்று கூற வேண்டும். ஜயவர்தனவோ 1966 டிசம்பரிலேயே, சட்டமன்றத்தின் கணத்துக்குக் கணம் மாறும் விருப்பத்துக்கு ஆட்படாத, குறித்த காலத்துக்கு நிலைத்து நின்று ஆளும் நிறைவேற்றுத் தலைமை வளரும் நாட்டுக்குத் தேவை என்று வாதிட்டிருந்தார். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையன்று. கசப்பான பொருளாதார முடிவுகளை எடுக்க நிலையான அரசு வேண்டும் என்ற கருத்து இன்றும் படித்தவர் பலரிடம் உண்டு. சிங்கப்பூரைக் காட்டிப் பேசாத தேநீர்க்கடை இந்நாட்டில் இல்லை. 1977 இல் ஏறத்தாழ 51 சதவீத வாக்குக்கு 168 இல் 140 ஆசனங்கள் கிடைத்தபோது, ஜயவர்தன தம் கருத்தைச் சட்டமாக்கினார். 1978 பெப்ரவரி 4 இல் அவர் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியானார். செப்டெம்பரில் புதிய யாப்பு நடைமுறைக்கு வந்தது.

பேராதனையில் அரசறிவியற் பேராசிரியராக விளங்கியவரும் செல்வநாயகத்தின் மருமகனுமான ஆ. ஜெ. வில்சன், 1980 இல் வெளியிட்ட நூலில் அவ்யாப்பைப் பிரான்சின் டி கோல் முறையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஜயவர்தனவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையே தூதராகவும் பணியாற்றினார். நாடு முழுவதும் ஒரே தொகுதியாகும் ஜனாதிபதித் தேர்தலில் சிறுபான்மையோரின் வாக்குக்கும் விலை உண்டாகும் என்னும் நம்பிக்கை அக்காலத்தில் பலரிடம் வேரூன்றியிருந்தது. 1988 இல் வில்சன் எழுதிய அடுத்த நூல் இலங்கையின் உடைவைப் பற்றியது. ஜெனிங்ஸ் கனவான்களின் மரபை நம்பினார். வில்சன் வாக்கின் பேரத்தை நம்பினார். இருவரின் அறிவுக்கும் நல்லெண்ணத்துக்கும் குறைவில்லை. ஆள்பவரின் கையைக் கட்டும் எழுத்துமூலமான தடையின் இடத்தில் அவர்கள் ஆள்பவரின் நன்னடத்தையை அல்லது தேவையை வைத்தார்கள் என்பதே குறை.

நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1980 இல் எதிர்க்கட்சியின் முதன்மைத் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. பிரஜாவுரிமைச் சட்டங்களின் கீழ் மலையகத்தார் அடைந்த நிலையின் ஒரு சாயல், பிரதமராய் இருந்த ஒருவர் மீதே விழுந்தது. 1982 டிசம்பர் 22 இல், பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்ட ஆம் என்போர் விளக்குச் சின்னத்துக்கும், இல்லை என்போர் குடம் சின்னத்துக்கும் புள்ளடியிட வேண்டும். நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேர் விளக்குக்கு வாக்களித்தனர் என்று அறிவிக்கப்பட்டது. 45 சதவீத வாக்காளர் எதிர்த்தும், ஆறில் ஐந்து பங்கு ஆசனங்கள் ஒரே கட்சியிடம் எஞ்சின. 1983 ஆடிக் கலவரத்தை அடுத்து வந்த ஆறாம் திருத்தம், தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு வெளியே தள்ளியது. 1977 இல் தெரிவான சபை 1988 டிசம்பர் வரை நீடித்தது. வடக்கில் ஓர் இளந்தலைமுறையும் தெற்கில் ஓர் இளந்தலைமுறையும் அவ்வாண்டுகளில் வாக்கின் மீது நம்பிக்கை இழந்து ஆயுதத்தைத் தேடின.

அதன் விலையைப் பேராதனை நேரில் கண்டது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், குற்றப்பத்திரம் இன்றிப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்கவும், பொலிஸ் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கவும் இடமளித்தது. வடக்கின் இளைஞர்களுக்கென்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. பிரேத விசாரணையின்றி உடல்களை அகற்ற அனுமதித்த அவசரகால விதிகளும் வந்தன. 1989 அக்டோபரில், பல்கலைக்கழக வளாகத்தின் அல்விஸ் குளத்தைச் சுற்றித் துண்டிக்கப்பட்ட இளைஞர் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. அவை சிங்கள இளைஞர்களின் தலைகள். விளிம்பில் உள்ள ஒரு மக்கட்பிரிவின் மீது முதலில் பழகிப் பார்க்கப்படும் அதிகாரம், விளிம்போடு நிற்பதில்லை. தோட்டத்தில் தொடங்கி, வடக்கு வழியாக, இறுதியில் பெரும்பான்மையின் பிள்ளைகளையே வந்தடைந்தது.

அடுத்த மூன்று தசாப்தங்களில் ஜனாதிபதி அதிகாரம் கூடியும் குறைந்தும் வந்தது. 2001 இன் 17 ஆம் திருத்தம் குறைத்தது. 2010 இன் 18 ஆம் திருத்தம் இருமுறை என்ற பதவிக்கால வரம்பையும் நீக்கிக் கூட்டியது. 2015 இன் 19 ஆம் திருத்தம் மீண்டும் குறைத்தது. 2020 இன் 20 ஆம் திருத்தம் மீண்டும் கூட்டியது. இவற்றுள் 19 ஆம் திருத்தத்தின் பயன் 2018 இல் வெளிப்பட்டது. ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்ததை, ஏழு நீதியரசர் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம் டிசம்பர் 13 இல் ஏகமனதாகச் செல்லாதென்றது. எழுத்தில் தடை இருந்தமையால் நீதிமன்றத்தால் அதைப் பற்றி நிற்க முடிந்தது.

தடை இல்லாதபோது நேர்வதற்கு 2021 ஆம் ஆண்டின் இரசாயன உரத்தடை சான்று. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும் விவசாய பீடமும் பேராதனையில்தான் உள்ளன. ஒரே பருவத்தில் இரசாயன உரத்தை முற்றாக நிறுத்தினால் நெல்லும் தேயிலையும் வீழும் என்று இங்குள்ள அறிஞர்கள் எச்சரித்தனர். கேட்கக் கடமைப்பட்டவர் எவரும் இருக்கவில்லை. மே மாதத்தில் இறக்குமதியை நிறுத்திய அரசு நவம்பரில் முடிவை மாற்றியபோது, மகாபோகத்துக்கான உரமிடும் காலம் கைநழுவிக்கொண்டிருந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. வலுவான ஒருவர் விரைந்து முடிவெடுப்பார் என்ற 1966 ஆம் ஆண்டின் வாதத்துக்கு இது போதிய மறுமொழி: விரைவு கிடைத்தது, இடித்துரைப்பார் இல்லாமையால் அந்த விரைவே நாட்டைக் கெடுத்தது.

2022 ஜூலை 9 இல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்ததும், 14 ஆம் திகதி ஜனாதிபதி வெளிநாட்டிலிருந்து பதவி விலகியதும் உலகறிந்தவை. ஆளை அகற்றிய அப்போராட்டத்தால் பதவியை அகற்ற முடியவில்லை. எஞ்சிய காலத்துக்குப் பாராளுமன்றம் 134 வாக்குகளால் வேறொருவரைத் தெரிந்தது. 1815 இல் போலவே இங்கும் அரியணை காலியானது, ஆனால் உடைக்கப்படவில்லை. 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 இல் 159 ஆசனங்களைப் பெற்றது. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்கும் புதிய யாப்பு அதன் தேர்தல் வாக்குறுதிகளுள் ஒன்று. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட பலம் 1977 இலும் இருந்தது. பலத்தைக் கண்டு மகிழ்வதற்கு முன் அதைக் கட்டும் கயிற்றைத் தேடுவது மக்களின் பொறுப்பு. 1975 இல் நெருக்கடி நிலையைக் கண்ட இந்தியா, அதற்கு இரண்டு ஆண்டு முன்பே கேசவானந்த பாரதி வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை எந்தப் பெரும்பான்மையாலும் மாற்ற முடியாதென்ற கோட்பாட்டை 13 நீதிபதிகளுள் 7 பேரின் தீர்ப்பால் பெற்றிருந்தது. இலங்கையில் அக்கோட்பாடு வேரூன்றவில்லை. ஆகவே காப்பு யாப்பின் வாசகத்திலேயே இருக்க வேண்டும்.

அந்த வாசகத்தைத் திறந்து படிப்பவர் ஒன்றைக் காண்பார். மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வஜன வாக்கெடுப்பும் இன்றி மாற்ற முடியாத உறுப்புரைகளை 83 ஆம் உறுப்புரை பெயர் குறித்துக் கூறுகிறது. தேசியக் கொடி, தேசிய கீதம், தேசிய தினம் ஆகியன பற்றிய உறுப்புரைகள் அப்பட்டியலில் உண்டு. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 12 ஆம் உறுப்புரையும், பிரஜாவுரிமை பற்றிய 26 ஆம் உறுப்புரையும் அதில் இல்லை. கொடியின் நிறத்தை மாற்ற நாட்டு மக்கள் அனைவரையும் கேட்க வேண்டும். நாட்டு மக்கள் யார் என்பதை மாற்றப் பாராளுமன்றத்தில் கை உயர்த்தினால் போதும். புதிய யாப்பை வரைவோர் ஜனாதிபதிப் பதவியை ஒழிக்கட்டும். அதற்கு முன்னதாக இவ்விரு உறுப்புரைகளையும் 83 ஆம் உறுப்புரையின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையைச் சட்டமும் அரசறிவியலும் பயிலும் மாணவர்களும், வாக்குள்ள பிரஜைகள் அனைவரும் இப்போதே எழுப்ப வேண்டும்.